குப்புறப் படுத்தே ஜெயித்தவர்

என் பேச்சை என்னைக்குமே கேட்காதவருக்கு,

இதை உங்க காதோரமா வாசிக்கிறேன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க. மயக்க மருந்துலயும் காது கேட்குமாம். கேட்கட்டும், நல்லா உறைக்கட்டும்.

கல்யாணமான நாள்லேருந்து, "குப்புறப் படுக்காதீங்க, நெஞ்சு அமுங்கும்"னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியிருக்கேன். "எனக்கு இப்படித்தான் மூச்சே வருது"ன்னு தலையணைக்குள்ளயே முனகுவீங்க. இப்ப டாக்டரே உங்களைக் குப்புறப் போட்டிருக்கார்! வைரஸ் காய்ச்சல் நுரையீரலைக் கெடுத்திருச்சாம். மல்லாந்து படுத்தா, மெஷின் குழாய் வழியா தள்ளுற காத்து முதுகுப் பக்கம் போய்ச் சேரலையாம். குப்புறப் போட்டதும் ஆக்சிஜன் கொஞ்சம் ஏறுதாம். புரட்டிப் போட நாலஞ்சு பேர் வந்தாங்களாம். நான் ஒருத்தியா உங்களைப் புரட்டினப்ப யார் வந்தாங்க?

"அவருக்கு இடங்கொடுக்காதீங்க டாக்டர், அப்புறம் வீட்டுக்கு வந்து என்னை மதிக்கவே மாட்டார்"னேன். டாக்டர் சிரிக்கலை. 'வீட்டுக்கு'ன்னு நான் சொன்னதும் தரையைப் பார்த்தார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அவருக்கு உங்களைப் பத்தி என்ன தெரியும்? ஜெயிச்சிட்டு வாயை மூடிட்டு இருக்கிற ஆளா நீங்க? எழுந்து வாங்க. "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு என் மூஞ்சிக்கு நேரா ஒரே ஒரு தடவை சொல்லுங்க.

அப்புறம் இருக்கு உங்களுக்கு.

ஆத்திரத்தோட,
உங்க வீட்டுக்காரி