டேனியல் கையெழுத்திட்ட எட்டுப் பக்கம்

ஜூன் 3, 2025

நெருப்பெரிச்சலில் எங்கள் பனியன் கம்பெனி வாசலில் டேனியல் அண்ணனுக்கு இன்று பிளெக்ஸ் கட்டினார்கள். இங்கே நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவர். ரஷ்யாவில் கிடங்கு வேலை என்று போனவரை அங்கே படையில் சேர்த்துவிட்டார்கள். போன வாரம் போரில் செத்தார். பிளெக்ஸில் அவர் தலைக்குக் கீழே இந்திய ராணுவ உடம்பு, பின்னால் மூவர்ணக் கொடி. ‘தாய்மண் காத்த மாவீரன்.’ எந்த மண் என்று கேட்டேன். முதலாளி மருதாசலம், “உடு கண்ணு, பாக்கறதுக்கு நல்லாத்தான இருக்குது” என்றார். இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அவருக்கு இவ்வளவு அகலமான தோள் வாய்க்கவில்லை.

ஜூன் 4

கேன்டீனில் இரங்கல் கூட்டம். எல்லோருக்கும் டி-சர்ட் — ரத்தான ஆர்டரில் மிஞ்சிய மிலிட்டரி பிரின்ட். பதினோராவது நிமிடம் மெஷின் ஓட ஆரம்பித்தது. அண்ணனின் மனைவி ரோஸ்மேரி அக்காவுக்கு எக்ஸ்எல் கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, “அந்தப் படத்துல இருக்கது அவுக இல்ல” என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 6

அண்ணனின் உடல் வர, அவர் போட்ட வேலை ஒப்பந்தத்தின் நகல் வேண்டுமாம். அவரை ரஷ்யாவுக்கு அனுப்பிய ஏஜென்ட் போனை அணைத்துவிட்டான். அக்கா என் மேஜைக்கு வந்தார்.

“தம்பி, ஒங்க கம்ப்யூட்டர்லதான கையெழுத்து வாங்கி அனுப்புனீக. இருக்கான்னு பாருங்களேன்.”

தேடுகிறேன் என்றேன். தேடுவதற்கு என்ன இருக்கிறது? மெயிலைத் திறந்தால் போதும்.

ஜூன் 7

திறக்கவில்லை.

ஜூன் 9

சரி, எழுதித் தொலைக்கிறேன். என் வேலை கம்ப்ளையன்ஸ் — வெளிநாட்டு பையர் கேட்கும் விதிகளுக்கெல்லாம் ரெஜிஸ்டரில் கணக்குக் காட்டுவது. ஆடிட்டுக்கு முந்தின நாள் ஆறு மாத ரெஜிஸ்டரை ஒரே மதியத்தில் நிரப்புவேன். தீயணைப்புப் பயிற்சி நடந்ததா — ஆம். மாஸ்க் கொடுத்தீர்களா — ஆம். எதையும் படிப்பதில்லை. நாலு வருஷம் பி.டெக் படித்து நான் கற்ற கலை அது. அண்ணனின் ஒப்பந்தம் எட்டுப் பக்கத்தையும் அப்படித்தான் முடித்தேன். “நல்லாப் பாத்தியாப்பா?” என்று இரண்டு தரம் கேட்டார். பார்த்தாச்சு, போடுங்கண்ணே என்றேன்.

இன்று படித்தேன். நான்காம் பக்கம்: ராணுவப் பணி. பச்சை ஆங்கிலத்தில். ஏஜென்ட் மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. கடைசியில் சாட்சிக் கையெழுத்து — என்னுடையது.

கொடுத்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் அந்த மனுசன் ஏதோ பிணவறையில் கெடப்பாரு. இதுல யோசிக்க என்னடா இருக்குது உனக்கு?

ஜூன் 10

கொடுத்தேன். நான்காம் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். சாட்சி யார் என்பதையும். திட்டுவார் என்று நின்றேன்.

“அவுக ஒங்கள நம்பித்தான தம்பி கேட்டாக.”

தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கம்பெனி பெயர் எங்கும் வரக்கூடாது என்று முதலாளி இரண்டு முறை போன் செய்தார். அவர் கவலை அவருக்கு.

ஜூலை 18

கோவை விமான நிலையம், சரக்குப் பகுதி. கம்பெனியிலிருந்து பெரிய மாலை வந்திருந்தது. முதலாளிக்கு பையர் மீட்டிங். ஐந்து வாரமாக அக்கா என்னிடம் பேசவில்லை. படிவங்களையெல்லாம் எங்கள் ஹெச்.ஆர். சித்ரகலாதான் நிரப்பினார். நான் வேன் அருகே நின்றிருந்தேன். பெட்டி நல்ல கனம். ஊரிலிருந்து வந்த ஐந்து பேரால் தூக்க முடியவில்லை. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

“தூக்குங்க.”

கால்மாட்டில் இடம் இருந்தது.