எதிர்மேடையில் அதே வால்ஸ்

சான்டா லெயோகாடியா,
மே 14

அன்புள்ள அமாயாவுக்கு அம்மா எழுதுவது.

ஒருவர் மேல் இருக்கும் கோபத்தால் நம் மூச்சு நீளுமா? இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன், இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சாதாரண நாளில் ஒரு சுரத்தைப் பதினாறு விநாடி பிடிக்க முடிகிறது, நம் ஊர் பேண்டு மேஸ்ட்ரோ அபுண்டியோவை நினைத்துக்கொண்டு ஊதினால் இருபத்தொன்று வருகிறது. ஒரே ஆளை வைத்துச் செய்த சோதனைக்கு மதிப்பில்லை என்று வகுப்பில் நானே சொல்லுவேன், ஆகவே கேள்வியாகவே விட்டுவிடுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சாம்பல் பூனையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்த ஐஸ்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாள் வலிக்கிறது. சமையலறைக் கூரையின் ஓட்டையை அடைத்துவிட்டார், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. உன் சித்தி மகளுக்கு ஆகஸ்டில் கல்யாணம், மாப்பிள்ளை கப்பலில் சமையல்காரன், அவன் வீட்டுக்கு வந்த அன்று பாத்திரம் கழுவினான் என்பதால் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

நீ நினைப்பாய், இதெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலேயே சொன்னதுதானே, எதற்குக் கடிதம் என்று. வீடியோவில் பேசும்போது சித்தி என் தோளுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். இனி எழுதப் போவது அவள் காதில் விழுந்தால் இரவுக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். இரண்டு வருடமாக உன்னிடம் ஒன்றை மறைத்துவந்திருக்கிறேன். நீ அலமாரியின் மேல்தட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போன கிளாரினெட்டை எடுத்து ஊதக் கற்றுக்கொண்டேன். நாளை நம் ஊர்த் திருவிழாவில், தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தில், நாலு மணிக்கு அதை ஊதப் போகிறேன். நம் ஊர் பேண்டில் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலினாவ் ஊர்க்காரர்களை எதிர்மேடைக்கு அழைத்திருக்கிறார்கள், அவர்களோடு.

எந்தப் பாட்டு என்று நீ கேட்க மாட்டாய், தெரிந்திருக்கும். ஏரிக்கரை வால்ஸ்தான். ஏழு வருடத்துக்கு முன்னால், உனக்குப் பதினேழு வயதில், அதே சதுக்கத்தில் நீ தனியாக வாசித்த அதே இடம். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கீழ்ச் சுரங்களிலிருந்து மேலே தாண்டும்போது உன் கிளாரினெட் ஒரு தடவை கீச்சிட்டது, அவ்வளவுதான் நடந்தது. மேஸ்ட்ரோ கோலை உயர்த்தி மொத்த பேண்டையும் நிறுத்தினார், ஜனங்கள் பக்கம் திரும்பினார், "மன்னிக்கணும், எங்க பேண்டுக்குள்ள ஒரு வாத்து பூந்துருச்சு" என்றார். பிறகு உன்னை எழுந்து நிற்கச் சொன்னார். "அந்த ரெண்டு சுரம் மட்டும் வாசி. ஊர் கேக்கட்டும்." பதினொரு தடவை வாசிக்கவைத்தார், நான் எண்ணினேன், ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட மோசமாக வந்தது, அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு கேட்டார். அதற்கப்புறம் ஒரு வருடம் சந்தையில் உன் முதுகுக்குப் பின்னால் குவாக் குவாக் என்று எத்தனை பேர் சத்தம் போட்டார்கள் என்று உனக்கே தெரியும். நீ கிளாரினெட்டைப் பூட்டி வைத்துவிட்டு நர்சிங் படித்தாய், பிறகு விமானம் ஏறினாய். அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. ஒரு ஆசிரியை பொது இடத்தில் சத்தம் போடக்கூடாது என்று மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரை மன்னிக்காதது போலவே அதையும் நான் மன்னிக்கவில்லை, ஆனால் அவரைத்தான் முதலில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

பழி வாங்க எனக்கு வேறு வழிகள் கிடைக்காமல் இல்லை. போன வருடம் அவருடைய பேத்தி என் வகுப்பில் படித்தாள். ஏழெட்டு மதிப்பெண் குறைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவள் தாளை மட்டும் மூன்று தடவை திருத்தினேன், கை எங்காவது தவறிக் குறைத்துவிட்டதா என்று பார்க்க. இவ்வளவு மலிவாக அதை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது தெருவே பலகாரம் அனுப்பியது, நானும் பிபிங்கா சுட்டு அனுப்பினேன், அதில் சர்க்கரை போடவில்லை, அது ஒன்றுதான் நான் செய்தது. இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை, போனால் பங்குத்தந்தை மன்னித்துவிடு என்பார், அவர் சொல்லிவிட்டால் நான் யோசிக்க வேண்டியிருக்கும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் ரோடெல், மலினாவில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான், முப்பது வயது இருக்கும், ஒரு காலத்தில் என் மாணவன். முதல் நாளே "இயற்பியல்ல என்னை ரெண்டு வாட்டி ஃபெயிலாக்குனீங்க டீச்சர், இப்ப என் முறை" என்றான். அவன் சொன்ன அளவுக்கே ஃபெயிலாக்கவும் செய்தான். கீழ்ச் சுரங்கள் ஆறு மாதத்தில் வந்துவிட்டன. தாண்டுவதுதான் வரவில்லை. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நடுவில் தொண்டைச் சுரங்கள் வரும்போது குழலில் ஏறக்குறைய எல்லா விரலும் மேலே இருக்கும், அடுத்த சுரத்துக்கு எல்லா விரலும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும், கூடவே இடது கட்டைவிரல் பின்னால் இருக்கும் சின்னக் கீயைத் தொட வேண்டும், ஒரு விரல் பிந்தினாலும் வாத்துதான். மற்றக் குழல்களில் அந்தக் கீ எட்டுச் சுரம் ஏற்றும், இது பன்னிரண்டு ஏற்றும், ஏன் என்று கரும்பலகையில் படம் போட்டு என்னால் விளக்க முடியும், விரலுக்கு அந்தப் படம் ஒரு உதவியும் செய்யவில்லை. அந்த இடம் வரும் முன்பே நான் உதட்டை இறுக்கிவிடுகிறேன் என்று ரோடெல் கண்டுபிடித்தான். பயத்தில் கடிக்கிறீங்க டீச்சர், கடிச்சா சீவாளி எப்படி அசையும் என்றான். கடிக்காமல் இருக்க எனக்கு வரவில்லை.

அதற்கு அவன் சொன்ன வைத்தியம், வேறு ஒருவரைப் பின்னால் நிற்கவைப்பது. நான் எல்லாத் துளையையும் மூடி அடிச்சுரத்தை ஊத வேண்டும், பின்னால் நிற்பவர் எனக்குச் சொல்லாமல் திடீரென்று அந்தச் சின்னக் கீயை அழுத்த வேண்டும். அப்பாவைத்தான் நிறுத்தினேன். கருவாடு வறுத்த கையோடு வந்து, என் தோளுக்கு மேல் கையை விட்டுக்கொண்டு, கல்யாணம் ஆன புதிதில்கூட இவ்வளவு கிட்ட நின்னதில்ல தெயோதோரா என்று கிண்டல் செய்தார். அவர் அழுத்தினார். சுரம் தானாக மேலே போய் நின்றது, சுத்தமாக, நான் ஒன்றுமே செய்யவில்லை, வாய் அப்படியே இருந்தது. அன்று அரை மணி நேரம் அவரை அழுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வாய்க்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதன் பிறகு வலது கை விரல்களைத் தொண்டைச் சுரத்தின்போதே கீழே இறக்கி வைத்துவிடும் வித்தையைக் காட்டினான் ரோடெல், வலது கை அங்கே முன்கூட்டியே காத்திருந்தால் தாண்டும்போது இடது கை வந்து சேர்ந்தால் போதும், கட்டைவிரலைத் தூக்காமல் உருட்டினால் போதும். இந்த இரண்டையும் மேஸ்ட்ரோ உனக்குச் சொல்லிக்கொடுத்தாரா என்று தெரியவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் பதினொரு தடவையில் ஒரு தடவையாவது அதைச் சொல்லியிருப்பார். சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் ஊதப் போவது மட்டும் ஊருக்குத் தெரிந்துவிட்டது, எதற்கு என்று தெரியாது. மீன் விற்கும் செப்பா, "எதிரூருக்கு ஊதப் போறீங்களாமே டீச்சர், மீனும் அங்கயே வாங்கிக்குங்க" என்று திலாப்பியாவைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டாள். அப்பாவும் இது வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டார், ஒரு தடவைதான். இரண்டு மேடைக்கும் பழக்கம் உனக்கு நினைவிருக்கும், ஒரு பேண்டு ஒரு பாட்டை வாசித்தால் எதிர்ப் பேண்டு அதே பாட்டால் பதில் சொல்ல வேண்டும், வேறு பாட்டுக்குப் போனால் வாயடைத்துப் போனதாக அர்த்தம். மலினாவ் பேண்டை நடத்துபவர் பஞ்சர் கடை கார்யோ. வால்ஸை முதலில் நாம் எடுக்கலாம், தனி வாசிப்பு எனக்கு வேண்டும் என்று கேட்டேன், ஏன் என்று கேட்கவில்லை, சரி டீச்சர் என்றார். நான் நினைத்து வைத்திருப்பது இதுதான். நீ நின்ற இடத்துக்கு நேர் எதிரே நின்று அந்தத் தாண்டலை எண்ணெய் வழிவதுபோல் வாசித்துக் காட்ட வேண்டும், அவர் முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடமாக அந்த முகத்தைத் தினமும் கற்பனையில் தொங்கவிட்டுப் பார்க்கிறேன். நீ ஒரு தடவை போனில் விடுங்கம்மா என்றாய். உன் பங்கை நீ விட்டுக்கொள்ளலாம், என் பங்கு என்னிடம் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து வந்தால் தலை துவட்டாமல் படுக்காதே, அந்த முதியோர் இல்லத்தில் கனமானவர்களைத் தனியாகத் தூக்காதே, முதுகு போய்விட்டால் திரும்பி வராது. சூரியன் தெரியாத மாதங்களில் மாத்திரை சாப்பிடச் சொன்னேன், ஞாபகம் வைத்துக்கொள். சித்தி கேட்டால் நான் கடிதம் எழுதியதாகச் சொல்லாதே. புனித இசிதோர் உன்னையும் உன் கைவேலையையும் காக்கட்டும்.

உன்னை நெஞ்சோடு வைத்திருக்கும்,
அம்மா
தெயோதோரா

மே 15, இரவு ஒன்பது மணி

உறையை ஒட்டவில்லை, நடந்ததை எழுதிவிட்டே அனுப்புகிறேன். மழை வரவில்லை. சதுக்கம் நிரம்பியிருந்தது. கார்யோ கையைக் காட்டியதும் எழுந்தேன், கீழ்ச் சுரங்கள் நன்றாக வந்தன, தொண்டைச் சுரத்தில் வலது கை விரல்கள் இறங்கிக் காத்திருந்தன, எல்லாம் சரியாக இருந்தது, எதிர்மேடையில் அவர் முகத்தைப் பார்த்தேன், பார்த்ததும் கடித்துவிட்டேன். கீச்சிட்டது. நன்றாக, தேவாலயத்துச் சுவரில் பட்டுத் திரும்பும்படி கீச்சிட்டது. பின்வரிசையில் எவனோ குவாக் என்றான். மேஸ்ட்ரோ சிரித்தார், அமாயா, தன் ஆட்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் கார்யோவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அடுத்த தாளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கை ஒரு அரைக்கணம்கூட நிற்கவில்லை, ட்ரம்போன்கள் வந்தன, வால்ஸ் போய்க்கொண்டே இருந்தது, நானும் அதோடு போக வேண்டியதாயிற்று. மறுபடி அதே இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன், சுத்தமாகத் தாண்டியது. அந்தக் கீச்சு கால் விநாடி இருந்திருக்கும். குவாக் என்றவனோடு இன்னொருத்தர்கூடச் சேரவில்லை. யாராவது நிறுத்தினால்தான் அது அவமானம், இல்லாவிட்டால் வெறும் சத்தம். இத்தனை வருடம் உன் விரல்களைத்தான் நானும் மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அங்கே நின்றபோது தெரிந்தது.

அவர்கள் முறை வந்தது. மேஸ்ட்ரோ வால்ஸ் என்று சொல்லிக் கோலை உயர்த்தினார். தனி வாசிப்பு டொமெங்குக்கு, உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பானே, நகராட்சி அலுவலகத்து எழுத்தர், அவனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். அவன் எழவில்லை. மேஸ்ட்ரோ மறுபடி கையைக் காட்டினார். டொமெங் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டான், அவன் சொன்னது எங்கள் மேடைவரை கேட்டது.

"நான் எந்திரிக்க மாட்டேன் மேஸ்ட்ரோ. கீச்சுன்னா நீங்க நிறுத்துவீங்க."

மேஸ்ட்ரோ அடுத்த நாற்காலியைப் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். ஐந்து கிளாரினெட்காரர்களும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயர்த்திய கோல் வெகு நேரம் மேலேயே இருந்தது. கடைசியில் ஒரு அணிவகுப்புப் பாட்டின் பெயரைச் சொன்னார், கிளாரினெட் எங்கேயும் தாண்டத் தேவையில்லாத பாட்டு. சதுக்கத்தில் இருந்த எல்லோருக்கும் அர்த்தம் புரிந்தது. செப்பா உரக்க, "வால்ஸ் எங்கப்பா?" என்று கேட்டாள். அவருடைய முகம் நான் கற்பனை செய்ததைவிட அதிகமாகவே தொங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது, அதை உன்னிடம் நல்ல வார்த்தை போட்டு மூட விரும்பவில்லை.

பிறகு திருவிழாத் தலைவர் வீட்டில் இரண்டு பேண்டுக்கும் ஒன்றாகச் சாப்பாடு போட்டார்கள். மேஸ்ட்ரோ வரவில்லை. டொமெங் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றான், சோறு ஆறும்வரை நின்றான், பிறகு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க டீச்சர், அன்னைக்கே நான் ஏதாவது சொல்லியிருக்கணும் என்றான். சொல்கிறேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன். அவனை மன்னிப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். எனக்கு அந்த வேலையில் பழக்கமில்லை.