கல்மேசையில் எடுத்த அளவு

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். வேறென்ன செய்ய முடியும்?

அதிவேக ரயிலுக்காக நம் தெருவில் அதிர்வை அளக்க உங்கள் அலுவலகம் உன்னையே அனுப்பும் என்று யார் கண்டது! நான் மருந்துக் கடைகளுக்குத் தராசு சரிபார்க்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்து போயிருக்கிறாய். இருபது வருடத்துச் சாவி இன்னும் திறக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். அப்பாவின் தராசுப் பட்டறையில், கல்மேசைத் தூசியில் உன் கருவியின் மூன்று கால் பதிந்த தடத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். "அளக்குற சாமானைக் கல்லு மேலதான்டா வைக்கணும்" என்று அப்பா உன் காதைத் திருகியது வீண்போகவில்லை.

இங்கே தெருவே இரண்டாகிக் கிடக்கிறது. எதிர்வீட்டு டீச்சர் ரயில் வேண்டும் என்கிற கட்சி. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எதிர்க்கட்சி. ஒலிபெருக்கி கைக்கு வந்ததிலிருந்து அவர் வீட்டில் தண்ணீர் கேட்பதுகூடக் கூட்டத்தில் பேசுவது மாதிரிதான் இருக்கிறதாம், அவர் மனைவி சொன்னாள்.

ஒரு வாய் காப்பியாவது குடித்துவிட்டுப் போயிருக்கலாம் நீ.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

காத்திருக்காமல் வந்தது தப்புதான். அன்று நாலு இடம் அளக்க வேண்டியிருந்தது.

அறிக்கை கொடுத்தாகிவிட்டது. முழுப் பாதையிலும் அதிர்வு மிகக் குறைவான இடம் நம் தெருதான். அதனால் சுரங்கம் தேவையில்லை, சரக்கு ரயில் பாதையை ஒட்டித் தரைமேலேயே போகும். கண்ணாடிக்காரரிடம் பயப்பட வேண்டாம் என்று சொல். சுரங்கம் என்றால் செலவு தாங்காமல் திட்டத்தையே கைவிட்டிருப்பார்கள்.

அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஏழு மணி நேரப் பயணம். நாலாவது மணி நேரத்தில் என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். இந்த ரயில் இரண்டு மணி நேரத்தில் போகும். நான் இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான் என்று உனக்குத் தெரியும்.

தம்பி

மார்ச் 19

தம்பி,

வட்ட அலுவலகத்தில் அறிக்கையை ஒட்டியிருந்தார்கள். நம் தெருவா அதிர்வு குறைந்த தெரு? சரக்கு ரயில் போனால் என் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்த மூன்று தடம் ஞாபகம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

ரயில் போனாலும் தராசு முள் ஆடக் கூடாது என்று அப்பா குழி தோண்டி, மணல் நிரப்பி, தரையும் சுவரும் தொடாமல் அந்தக் கல்லை வைத்தார். மணல் சுமந்தது நீயும் நானும். நீ தெருவை அளக்கவில்லையடா, அப்பாவின் மேசையை அளந்திருக்கிறாய்.

கண்ணாடிக்காரர் வீட்டுச் சுவரில் இப்போதே விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அவர் பேத்தி படுப்பது அந்தச் சுவரோரம். ஏப்ரல் இரண்டாம் தேதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்குள் நீயே உன் அலுவலகத்தில் சொல்லிவிடு. நான் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அக்கா

மார்ச் 26

அக்கா,

கருவியை வைத்தபோது சத்தியமாக யோசிக்கவில்லை. கை தானாக அங்கே போனது. திரும்பி வரும் ரயிலில்தான் உறைத்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

மறுபடி அளந்தால் சுரங்கம் கேட்பார்கள், எல்லாம் கோப்போடு முடங்கிவிடும். வழியிலேயே இன்னும் எத்தனை அப்பாக்கள் போக வேண்டும்? உன் காலில் விழுகிறேன், கூட்டத்தில் பேசாதே. பட்டறையை வேறு இடத்துக்கு மாற்ற நான் பொறுப்பு.

தம்பி

ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்து உனக்கு இடம் பிடித்திருந்தேன். மதியம் வரை வாசலையே பார்த்தேன். பிறகு எழுந்து பேசினேன்.

எங்களுக்கு ரயில் வேண்டும், ஆனால் அளந்தது தப்பு என்று சொல்லி, மேசைக் கதையைச் சொன்னேன். அதிகாரி, "கருவிய அங்க வச்சது யாரும்மா?" என்றார். "என் கூடப்பிறந்த தம்பிங்க" என்றேன். கண்ணாடிக்காரர்கூட ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டார். வெளியே வந்ததும் டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவன் வேலை என்னாகும்டி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

உன் மேல் கோபம் இருக்கிறது. மேசைக்காக இல்லை, அந்தத் தப்பை நானும் செய்திருப்பேன். தெரிந்தும் இறங்காமல் போனாயே, அதற்காக. அப்பா உன் கையைப் பிடித்திருந்தார் என்று எழுதியிருந்தாய். இன்னொரு கை என்னிடம் இருந்தது, மறந்துவிட்டாய்.

பதினைந்தாம் தேதி வேறு யாரோ மறுபடி அளக்க வருகிறார்களாம். நீயும் வா. பூட்டை மாற்றவில்லை. அவர்களுக்கும் அந்தக் கல்லைப் பார்த்தால் கை அங்கேதான் போகும். பக்கத்தில் நின்று, தரையில் வைக்கச் சொல்.

அக்கா