மூட்டைக்கு நான் செய்த எலும்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். உன் நாய் மூட்டையும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மூன்று வாரமாகப் போனில் உன்னிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அது முழு உண்மை இல்லை. இப்போது சுகம்தான், பதறாதே, இதை எழுதும்போதுகூட மேசைக்கடியில் என் காலை அமுக்கிக்கொண்டு படுத்திருக்கிறான், கால் மரத்துப்போய்விட்டது. ஆனால் நடுவில் ஒன்று நடந்தது, அதற்குக் காரணம் நான். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் அழுவேன், உடனே உன் அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழையா வெயிலா என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

போன கடிதத்தில் நீ கேட்டதற்கு இன்னும் நாங்கள் ஒழுங்காகப் பதில் எழுதவில்லை. வேலை இன்னும் இரண்டு வருடம் நீண்டுவிட்டது, உங்களுக்கு ஏன் சிரமம், தோட்ட வீட்டில் இருக்கும் என் தோழி மூட்டையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறாள், மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அன்றைக்குப் போனில் சரி, கொடுத்துவிடலாம் என்று சொன்னவளும் நான்தான். நாற்பத்துநாலு கிலோ எடையோடு ஒருவன் நடு வீட்டில் உருண்டுகொண்டிருந்தால் வேறு என்ன சொல்லத் தோன்றும். அந்தப் பதிலை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் அது ஏமாற்று வேலை. முதலில் கதையைக் கேள்.

நீ போன புதிதில் அவன் எதையெல்லாம் கடித்தான் என்று உனக்குத் தெரியும், என் ஒரு ஜோடி செருப்பு, டிவி ரிமோட், சோபாவின் ஒரு கை, உன் அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியதற்காக அவருக்குக் கொடுத்த கேடயத்தின் மரப்பலகை. கேடயம் போனதும் உன் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைவீதிக்குப் போய் ஒரு பொம்மை வாங்கி வந்தார், யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது சார் என்று கடைக்காரர் சொன்னாராம். யானை மிதித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ, மூட்டை இருபது நிமிடத்தில் அதன் வயிற்றைக் கிழித்துக் கீச்கீச் என்று கத்தும் குழலைத் தொண்டை வரைக்கும் கொண்டுபோய்விட்டான், நான் விரலை விட்டு எடுத்தேன். அடுத்து முடிச்சுப் போட்ட கயிறு வந்தது, இரண்டாம் நாளே நூல் நூலாகப் பிரித்து விழுங்க ஆரம்பித்தான், அது குடலில் போய்ச் சுற்றிக்கொண்டால் ஆபரேஷன்தான் என்று யாரோ சொன்னதும் அதையும் ஒளித்து வைத்தோம். டென்னிஸ் பந்து ஒரே கடியில் இரண்டு பாதி. இவர் வாங்குவதும் அவன் கிழிப்பதும் நான் பெருக்குவதுமாக வீடு போர்க்களமாகிவிட்டது, இவனுக்குப் பொம்மை செய்ய இன்னும் ஆள் பிறக்கல என்று உன் அப்பா கையை விரித்துவிட்டார். அந்தப் பேச்சுத்தான் என்னை உசுப்பிவிட்டது.

உனக்கு என் குணம் தெரியும். பின்னறையில் இருபத்தெட்டு வருடமாகப் பல்செட் செய்கிறேன், எத்தனையோ டாக்டர்கள் அனுப்பிய அச்சுக்கு எத்தனையோ வாய்க்குப் பல் கட்டிக் கொடுத்திருக்கிறேன், என் கையால் ஆன ஒன்று உடைந்து திரும்பி வந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த மண்டைக்கனம்தான். பல்செட்டுக்கு ஈறு செய்யும் அதே ரோஸ் நிற அக்ரிலிக் மிஞ்சியிருந்தது, பிளாஸ்டரில் பெரிய எலும்பு மாதிரி ஓர் அச்செடுத்து, அதில் நிரப்பி, பிரஸ்ஸில் இறுக்கி, வெந்நீரில் வேகவைத்து எடுத்தேன். ஒரு காற்றுக்குமிழிகூட இல்லை. ஓரத்தையெல்லாம் தேய்த்து, மனுஷர் வாய்க்குப் போடுகிற பாலிஷ் அவ்வளவும் போட்டு, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கினேன். பிறகு வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டேன், சுத்தியல்தான் துள்ளியது, எலும்புக்குக் கீறல்கூட இல்லை. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டி, பொறந்தாச்சுங்க ஆள் என்று சொன்னேன். பெருமை பிடிபடவில்லை எனக்கு.

பதினோரு நாள் மூட்டை அதை விட்டு நகரவில்லை. கரக் கரக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், நான் உள்ளே பல்செட்டுக்கு மெழுகு உருக்கிக்கொண்டே, பிள்ளை விளையாடுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொள்வேன். பன்னிரண்டாம் நாள் காலையில் அறையைப் பெருக்கும்போது வாசல் பக்கம் வெள்ளையாக ஒரு சில்லு கிடந்தது, விரல் நகம் அளவு. என் அறையில் வெள்ளைச் சில்லுக்கு என்ன பஞ்சம், பிளாஸ்டர் என்று நினைத்துக் குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிட்டேன். கண்ணு, அது அவன் பல். இத்தனை வருடம் பல்லோடு குப்பை கொட்டியவள், தரையில் கிடந்த பல்லைப் பிளாஸ்டர் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினேன்.

அதற்கப்புறம் ஒரு பக்கமாகவே மென்றான், சாப்பாட்டைக் கீழே கீழே போட்டான். வயசுக் கோளாறு என்று உன் அப்பா சொன்னார், ஐந்து வயதில் என்ன வயசுக் கோளாறு. ஒரு நாள் காலை இடது கண்ணுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன், தொழில்காரிக்கு ஒரு நொடி போதும் இல்லையா, மேல்வரிசையில் இருப்பதிலேயே பெரிய பல், பக்கவாட்டில் ஒரு பலகையைப் பெயர்த்தாற்போல் பிளந்து நின்றது. எதிர்வீட்டுச் சலவைக்கடைக்காரர்தான் கடையை அப்படியே போட்டுவிட்டு வேனை எடுத்தார், துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் மூட்டையைப் படுக்கவைத்துக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் எச்சில் ஒழுகி விரிப்பெல்லாம் பாழ், திரும்பத் துவைச்சா போகுதும்மா, நீங்க அவன் தலையைப் பிடிச்சுக்குங்க என்று ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டார். அந்த மனிதரைப் பல வருடம் வெறும் வணக்கத்தோடு கடந்து போயிருக்கிறேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கால்நடை டாக்டரம்மா உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவளாக இருப்பாள். பார்த்ததும் எதைக் கடிச்சான் என்று கேட்டாள், உன் அப்பா பைக்குள்ளிருந்து எலும்பை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை யார் செஞ்சது, பாலிஷ் ரொம்ப நல்லா இருக்கே என்று கேட்டாள். உன் அப்பா வாயால் சொல்லவில்லை, கண்ணால் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டாமல் தன் கட்டைவிரல் நகத்தை அந்த எலும்பில் அழுத்தினாள், என் கையை வாங்கி என் நகத்தையும் அழுத்தவைத்தாள். நகம் பதியலை பாருங்க, நகம் பதியாத எதுவும் இவன் பல்லுக்கு ஆகாதும்மா, அதால உங்க முழங்கால்ல ஒரு தட்டுத் தட்டினா உங்களுக்கு வலிக்கும்னா அது அவனுக்கும் வலிக்கும், மாட்டுக் குளம்பு, மான் கொம்பு, பெரிய எலும்பு எல்லாமே இப்படித்தான் பல்லைப் பிளக்குது என்றாள். உடையாத பொம்மையே கேக்காதீங்க, அழுத்தினா உள்ள போயிட்டுத் திரும்பி வர்ற ரப்பரா பாருங்க, அவன் வாய்க்குள்ள முழுசா போகாத அளவுக்குப் பெரிசா பாருங்க, ஒரு துண்டு பெயர்ந்தாலும் அன்னைக்கே தூக்கிப் போடுங்க, நல்ல பொம்மைன்னா தேயத்தான் செய்யும் என்று பொறுமையாகச் சொன்னாள். பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டேன், சீழ் வேர் வரைக்கும் போயிடுச்சும்மா, எடுத்துடறதுதான் அவனுக்கு நிம்மதி என்றாள்.

எடுத்தாகிவிட்டது. மயக்கத்தில் நாக்கு வெளியே தொங்க அவன் கிடந்த கோலத்தைப் பார்த்து உன் அப்பா வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். எத்தனையோ பேருக்குப் பல் கட்டிக் கொடுத்த எனக்கு அவனுக்கு ஒரே ஒரு பல் கட்டிக் கொடுக்க முடியவில்லையே என்று நான் அங்கேயே அழுதேன், டாக்டரம்மா ஒரு நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நீ அந்த வாரம் வீடியோவில் கூப்பிட்டபோது, தையல் போட்ட பக்கம் தெரியாதபடி உன் அப்பா போனை வலது பக்கமாகவே பிடித்துக்கொண்டிருந்தார், மூட்டை ஏம்ப்பா ஒரு மாதிரி பார்க்கிறான் என்று நீ கேட்டாய், தூக்கக் கலக்கம் என்று புளுகினார். அந்தப் புளுகும் என்னால்தான், அவரைக் கோபிக்காதே.

வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் நீ அனுப்பிய பார்சல் ஞாபகம் வந்தது. நாலு மாதம் முன்னால் வந்தது, பிளாஸ்டர் பைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். கோபித்துக்கொள்ளாதே, அன்றைக்கே பெட்டியைப் பிரித்தேன், மேலே இருந்த உன் சீட்டில் முதல் வரி, அம்மா தயவுசெய்து நீயே எதையும் செய்து அவனுக்குக் கொடுத்துவிடாதே என்று இருந்தது. பல்லைப் பற்றி எனக்கே பாடமா என்று மூக்குமேல் கோபம் வந்து அப்படியே மூடிவிட்டேன். இப்போது மிச்சத்தைப் படித்தேன். ரப்பர் நல்லதா என்று நகத்தால் அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன், சின்ன வயதில் மெழுகு ஆறிவிட்டதா என்று பார்க்க நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அம்மா என்று எழுதியிருக்கிறாய். டாக்டரம்மா சொன்னது அத்தனையும் நாலு மாதமாக என் வீட்டிலேயே இருந்திருக்கிறது, அதுவும் என்னிடமிருந்தே நீ கற்றுக்கொண்டது. ஒரே ஒரு வரிக்கு மேல் படிக்காத பாவத்துக்கு அவன் ஒரு பல்லைக் கொடுத்தான்.

தையல் ஆறியதும் நீ அனுப்பிய அந்தச் சிவப்பு ரப்பரைக் கொடுத்தோம். நடுவில் இருக்கும் துளையில் அவன் சாப்பாட்டையே அடைத்து ஃபிரிஜ்ஜில் உறையவைத்துக் கொடுக்கிறேன், முக்கால் மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை. தினமும் சாயங்காலம் உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு காலத்தில் பஸ் டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த மாதிரி, கீறல் இருக்கிறதா, துண்டு பெயர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் ஓடும் என்று சொல்லி உள்ளே வைக்கிறார். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லும் பழக்கம் நம் வீட்டில் இல்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பொம்மைக்கு நன்றி, சீட்டுக்கு நன்றி, எல்லாவற்றுக்கும் மேலாக அவனை எங்களிடம் விட்டுவிட்டுப் போனதற்கு நன்றி. நீ போனபின் நானும் உன் அப்பாவும் சாப்பாடு, தண்ணீர், லைட் அணை என்ற மூன்று வார்த்தையில் குடும்பம் நடத்தியிருப்போம், இவன் வந்து நாள் முழுக்கப் பேச வைத்தான், சண்டை போட வைத்தான், சலவைக்கடைக்காரர் வீட்டில் உட்காரவும் வைத்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மயக்கம் தெளிந்து தள்ளாடி எழுந்தவன் உன் அப்பாவைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, வீங்கிய கன்னத்தை என் காலில் வைத்துப் படுத்தான். அவனுக்கு யார் செய்தது என்று தெரியாது, எனக்குத் தெரியுமே.

இப்போது கேட்கிறேன். தோட்ட வீட்டில் இடம் அதிகம், உன் தோழியும் நல்ல பெண், நீ அங்கேதான் அனுப்பச் சொன்னால் நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன், ஒரு வார்த்தை மனத்தாங்கல் இருக்காது. என்னை நம்பி விட்ட பிள்ளைக்கு நான் இப்படிச் செய்தது தெரிந்த பிறகும் எங்களிடமே இருக்கட்டும் என்று நீ சொன்னால், இரண்டு வருடம் அல்ல, அவன் இருக்கும் வரை வைத்துக்கொள்கிறோம். உன் அப்பாவை எழுதச் சொன்னேன், நீயே எழுது, நான் எழுதினா காகிதம் நனைஞ்சிடும் என்றுவிட்டார். யோசித்து எழுது, அவசரமில்லை, ஆனால் மாதக் கடைசிக்குள் எழுது.

காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது என்று போன வாரம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். சின்னதிலிருந்தே மனதில் பாரம் இருந்தால் தூக்கத்தில் பல்லை நறநறவென்று அரைப்பாய், அங்கே கேட்க யாருமில்லை. உன் பல் அச்சு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அதை வைத்துப் பல்லுக்கு மெத்தென்ற ஓர் உறை செய்து இந்தக் கடிதத்தோடு சின்ன டப்பாவில் அனுப்புகிறேன், படுக்கும்போது மறக்காமல் மேல்வரிசையில் மாட்டிக்கொள். நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் சூழ, நிறைந்த மனதோடு நீ இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். உறையைச் செய்தபோது சுத்தியலைத் தொடவில்லை, சூடு ஆறுவதற்குள் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். பின்பக்க ஓரத்தில் ஒரு சின்னத் தடம் இருக்கும், பாலிஷ் போட்டு அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா