நோயாளியாக நடிக்கப் போகிறவருக்கு லோஞ்ச் பாஸ் கேட்டு மனு

அனுப்புநர்:
மீராசாஹிபு ஸஹாப்தீன்,
அக்கரைச்சேனை, மூதூர்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், மூதூர்.

விடயம்: திருகோணமலை செல்லும் பாஸில் பயணக் காரணத்தைத் திருத்தித் தரும்படி கேட்டல்

மதிப்புக்குரிய ஐயா,

1. தாங்கள் தந்த பாஸினால் இவ்வளவு காலமும் செவ்வாய்க்கிழமைகளில் லோஞ்சேறிக் கடல் கடந்து திருகோணமலைத் தாதியர் பாடசாலைக்குப் போய் வந்தேன். முதலில் அதற்கு என் நன்றி. இந்த மனுவை நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

2. நாட்டு நிலைமையால் தாதி மாணவிகள் கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பழக முடிவதில்லை. ஆகவே போதனாசிரியை திருமதி கமலாதேவி ஓர் அறையில் பாய், அடுப்பு, தண்ணீர்க் குடம் வைத்து வீடு ஒன்று அமைத்தார். நான் அந்த வீட்டு நோயாளி. ஊரில் என் அயல்வீட்டுக்காரியான பரீதா என் மகளாக நடிக்கிறார். அன்றைய நோயை அட்டையில் எழுதித் தருவார்கள். அதை நானே வாசிக்க வேண்டும் என்று அம்மையார் எனக்கு எழுத்துப் படிப்பித்தார். நான் முதன்முதலில் வாசித்த சொல் ‘இருமல்’. வாசித்த சந்தோசத்தில் அன்று இருமவே மறந்துவிட்டேன்.

3. மாணவிகள் வாசலில் நின்று, “வாப்பா, உள்ள வரலாமா?” என்று கேட்டுத்தான் வருவார்கள். யார் சமைப்பது, தண்ணீர் எங்கே எடுப்பது என்று விசாரிப்பார்கள். வெருகல் ஊர்ப் பிள்ளை ஒருவர், இந்த வீட்டில் யாராவது சாப்பிடாமல் படுப்பதுண்டா என்று கேட்டார். அதற்கு அட்டையில் பதில் இல்லை. மனைவி மௌத்தாகிப் போன பிறகு இரவில் நான் அடுப்பு மூட்டுவதில்லை என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை பரீதாவைத் தனியே அழைத்துக் கதைத்தார். அன்று முதல் நடிப்பு மகளின் குசினியிலிருந்து எனக்கு இரவுச் சோறு வருகிறது.

4. தங்கள் கந்தோரில் பயணக் காரணம் கேட்டபோது, “வருத்தக்காரனா இருக்கப் போறன்” என்றேன். அதனால் பாஸில் ‘சிகிச்சைக்காக’ என்று எழுதப்பட்டது. சென்ற செவ்வாய் இறங்குதுறையில் படையினரின் சோதனையில், என்ன நோய், என்ன வருத்தம் என்று கேட்டார்கள். “இன்னும் தரல்ல மாத்தையா, அங்க போனாத்தான் தருவாங்க” என்றேன். பாஸை வாங்கி வைத்துக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் குறையில்லை. அந்தப் பதிலைக் கேட்டால் நானும் விட்டிருக்கமாட்டேன். ஆனால் மாணவிகள் அன்று வெறும் பாயைப் பார்த்துக் கேள்வி கேட்டார்களாம்.

5. வரும் செவ்வாய் அவர்களுக்குச் செயன்முறைப் பரீட்சை. வேறொருவரைப் பழக்க நேரமில்லை. நான் போகாவிட்டால் பரீட்சை நடக்காது. ஆகவே ‘தாதி மாணவிகளின் படிப்புக்காக நோயாளியாக நடிப்பதற்கு’ என்று எழுதிப் புதிய பாஸ் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பரீட்சைக்கு எனக்கு ஒரு பக்கம் கை கால் விழும் பாரிசவாதம் தருவதாக இருக்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் நான் நேராகத்தான் நடப்பேன் என்பதையும் பாஸில் ஒரு வரி சேர்த்தால் பேருதவியாக இருக்கும்.

மூதூர்
1997.08.14

தங்கள் நன்றி மறவாத,
மீ. ஸஹாப்தீன்