சூடு தேடும் பனி

ஜனவரி 9, காலை 8:10

வழக்கமான பதிவு. எழுதுவது கண்மணி ஜெபராஜ், கடல் நுண்ணுயிர் ஆய்வாளர். கப்பல் 'வெண்பறவை'. இடம் அண்டார்க்டிகாவின் கரையோரம், இன்னும் பெயர் வைக்காத ஒரு விரிகுடா. போன வருடம்வரை இதன்மேல் பனித்தட்டு மூடிக்கிடந்தது. அது உடைந்து விலகியபின் உள்ளே வரும் முதல் கப்பல் நாங்கள்தான். காற்று மைனஸ் ஆறு. கடல் அமைதி.

பயணிகள் பன்னிரண்டு பேர், ஊழியர்கள் எட்டுப் பேர். மீதி வேலையெல்லாம் தானியங்கி. மதியம் பயணிகளுக்கு ஒரு மணி நேரம் பாடம் சொல்வதும் அவர்களை ரப்பர் படகில் கூட்டிப்போய்த் தண்ணீர் மாதிரி எடுக்க வைப்பதும் என் வேலை. பதிலுக்கு ஓர் ஆய்வறையும் கம்பளம் விரித்த தங்கும் அறையும் கொடுத்திருக்கிறார்கள். மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. நேற்று காரைக்குடி உமையாளும் அவர் கணவர் மெய்யப்பனும் கழுத்துவரை வெந்நீரில் இருந்துகொண்டே பனிமலையைப் பார்த்தார்கள். மணிவிழாவுக்கு மகள் எடுத்துக் கொடுத்த பயணமாம்.

இன்று எடுத்த மாதிரியில் வெளிர் ரோஜா நிறத்தில் கூழ்ப்பனி. பாசி என்று நினைக்கிறேன்.

ஜனவரி 9, மாலை 6:40

பாசி இல்லை. மாதிரி பத்து மணி நேரமாக மேசைமேல் இருக்கிறது. அறை நன்றாகவே சூடாக இருக்கிறது. பனி உருகவில்லை. வளர்ந்திருக்கிறது. அதுவும் ஹீட்டர் இருக்கும் பக்கமாக.

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பிரித்து வைத்தேன். ஒன்றின் அருகே மேசைவிளக்கை வைத்தேன். விளக்கு இருந்த பக்கம் பனி விரல் விரலாக நீண்டது. விளக்கை மறுபக்கம் மாற்றினேன். பனியும் திரும்பியது.

சந்தோஷத்தில் விளக்கை மூன்று முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். இந்த உயிர் தன் புரதத்தால் தண்ணீரை உறைய வைத்து, அதையே கையாக நீட்டிச் சூட்டைத் தேடுகிறது. கடலடியில் வெந்நீர் ஊற்றுகளை அண்டி வாழ்ந்ததாக இருக்கலாம். இதை யாரும் பார்த்ததில்லை.

ஜனவரி 10, காலை 7:25

தலைமைப் பொறியாளர் லூர்து மிராண்டா வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர். கப்பலில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஊழியர்.

"டாக்டரம்மா, கேக்குதா? எஞ்சினைக் குளுத்துற கடல்தண்ணிக் குழாய் அடைச்சிக் கெடக்கு. பனிக்கட்டிதான். ஆனா தண்ணி சூடாகி வெளிய போற பக்கத்துல அடைச்சிருக்கு. அது எப்படி? ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தேன். ரோஜா நிறம். நேற்றைய சந்தோஷம் அங்கேயே செத்தது.

ஜனவரி 10, பிற்பகல் 2:00

கேப்டன் ஹால்வரிடம் குவளைகளைக் காட்டினேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஆனாலும் முழு வேகத்தில் வெளியேறிவிடலாம் என்று முடிவெடுத்தார். எஞ்சின் சூடாகச் சூடாக விரிகுடாவிலிருந்த கூழ்ப்பனியெல்லாம் கப்பலின் பின்பக்கம் திரண்டு வந்தது. கப்பலை உந்தும் விசிறி நின்றுவிட்டது. அடித்தட்டு நெரிபடும் சத்தம் சாப்பாட்டுக் கூடம்வரை கேட்டது. ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை.

சமையலாள் ஒருவர் பின்தளப் படியில் இறங்கி அந்தப் பனிமேல் காலை வைத்தார். பூட்ஸ் பிடித்துக்கொண்டது. பூட்ஸைக் கழற்றி விட்டுத்தான் அவரை இழுக்க முடிந்தது. மூன்று கால்விரல்கள் போய்விட்டன.

ஜனவரி 10, மாலை 7:15

முன்பக்கம் இன்னும் தண்ணீராக இருந்ததால் எல்லோரும் ரப்பர் படகுகளில் எதிர்க்கரைப் பாறைக்குப் போய்விட்டார்கள். கூடாரம், அடுப்பு, உணவு எல்லாம் உண்டு. நீண்டதூர ரேடியோ கப்பலில்தான் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுக்க லூர்து அண்ணன் தங்கினார். அவர் கீழே இருக்கும்போது மேலே ரேடியோவைக் கவனிக்க நான் தங்கினேன்.

உதவிக் கப்பல் ஒன்று புறப்பட்டுவிட்டது. ஹெலிகாப்டர் எட்டும் தூரத்துக்கு வர இரண்டரை நாள். விரிகுடாவுக்குள் கப்பலை விடவே கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டேன்.

பேட்டரி போதுமென்று எஞ்சினையும் கொதிகலனையும் அணைத்துவிட்டோம். சூடு இல்லையென்றால் விட்டுவிடும் என்று நம்பினோம்.

ஜனவரி 11, காலை 5:30

விட்டுவிட்டது. கப்பலை விட்டுவிட்டு அவர்களிடம் போகிறது.

கரையிலிருந்து உமையாள் பேசினார். "கண்மணி, இங்கின பாறையில ஏறி வருது. கூடாரத்துக்கு நேரா வருது. அடுப்பை அமத்திட்டோம், அப்பயும் வருது. இவுகளுக்கு முட்டிவலி, மேல ஏற முடியல. நாங்க என்ன செய்யுறது, சொல்லுங்க."

பதினெட்டு உடம்புகளின் சூடு அதற்குப் போதும்.

லூர்து அண்ணன் எழுந்தார். கீழே இறங்கிப் போய்க் கொதிகலனைப் பற்றவைத்தார். ஒரு மணி நேரம் தொலைநோக்கியில் பார்த்தேன். பனியின் விளிம்பு பாறையில் நின்றது. பிறகு திரும்பியது.

எங்களை நோக்கி.

ஜனவரி 12, காலை 9:00

கப்பலைச் சுற்றி இப்போது தண்ணீரே இல்லை. இறங்கிப் போக வழியும் இல்லை. ஒரு விளக்கை எரிய விட்டுப் பூச்சிகளை இழுப்பதுபோல் கப்பலை எரிய விட்டிருக்கிறோம். எண்ணெய் இருக்கிறது. அடித்தட்டு தாங்குமா என்பதுதான் தெரியவில்லை. ஒவ்வொரு நெரிசலுக்கும் லூர்து அண்ணன் கீழிருந்து ஒரு வார்த்தை சொல்வார். "இருக்கேன்."

உமையாள் மணிக்கொரு தரம் கூப்பிடுகிறார். நீங்க எப்ப வர்றீக என்கிறார். ஹெலிகாப்டர் வரட்டும் என்கிறேன்.

ஜனவரி 13, காலை 6:50

ஹெலிகாப்டர் வந்துவிட்டது. ஒரு தடவைக்கு ஆறு பேர். போய்வர இரண்டு மணி நேரம். முதல் ஆறு பேர் ஏறிவிட்டார்கள். காலில் அடிபட்டவரும் மெய்யப்பனும் அதில் உண்டு. உமையாள் அடுத்ததில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். எங்களை இங்கே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லையாம்.

ஜனவரி 13, காலை 7:35

அடித்தட்டு பிளந்துவிட்டது. கொதிகலன் அறைக்குள் தண்ணீர், பின்னாலேயே பனி.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் வீட்டாருக்குத் தெரியவேண்டும்.

"டாக்டரம்மா, மேல உள்ள இரும்புக் கதவை அடைச்சிருங்க."

"அண்ணே, நீங்க வாங்க முதல்ல."

"காலு மாட்டிக்கிட்டு. சுடுதண்ணி ஊத்துனா விடும்னு பாத்தேன். இன்னும் இறுக்குது."

"நான் கோடாலி கொண்டு வாரேன்."

"வராதீங்க. வந்தா ரெண்டு பேரும் போயிருவோம், அந்தப் பன்னெண்டு பேரும் போயிருவாங்க. கொதிகலன் அணையப் போகுது. நீங்க மேல எதையாவது போட்டு எரிங்க. பெரிசா எரிங்க. தங்கச்சி, சொன்னதைக் கேளுங்க."

முதல் தடவையாகத் தங்கச்சி என்றார்.

கதவை அடைத்தேன். நான்தான் அடைத்தேன்.

ஜனவரி 13, 8:20

வெந்நீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டேன். எஃகுத் தொட்டி. நூலகத்து அலமாரி, நாற்காலிகள், மெத்தைகள், படகு பெட்ரோல். தீ கப்பலின் கொடிக்கம்பம் உயரத்துக்கு எழும்புகிறது. பனி பின்தளம் வழியாக மேல்தளத்துக்கு ஏறிவிட்டது. தொட்டியைச் சுற்றி நின்று வளர்கிறது. உள்ளே நுழைய முடியாமல் சுவர்போல உயர்கிறது.

கரைப்பக்கம் பனி இல்லை. நல்லது.

9:10

இரண்டாவது தடவை ஆறு பேர் போனார்கள். உமையாள் இதிலும் ஏறவில்லை. பாவி மனுஷி.

சாப்பாட்டு மேசைகள். திரைச்சீலைகள். பியானோவைக் கோடாலியால் உடைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் அது சத்தம் போட்டது. நானும் போட்டேன்.

பெட்ரோல் தீர்ந்தது.

11:05

ரேடியோவில் ஹெலிகாப்டர் விமானி பேசினார். "வெண்பறவை, கடைசி ஆறு பேரும் ஏறிவிட்டார்கள். ஆனால் மூடுபனி இறங்குகிறது. உங்களுக்கு மேலே வந்து கயிறு இறக்க இப்போது வழியில்லை. இவர்களை விட்டுவிட்டு, விலகியதும் வருகிறேன். அதுவரை நெருப்பை அணைய விடாதீர்கள்."

காத்திருக்கிறேன் என்றேன். அப்புறம் உமையாள் குரல். "கண்மணி, நாங்க ஏறிட்டோம். கேக்குதா? எல்லாரும் ஏறிட்டோம். உங்க அம்மா பேரு என்ன? நான் போயிப் பாக்குறேன். பேரு சொல்லுங்க..."

ஸ்டெல்லா என்றேன். கேட்டதா தெரியவில்லை. சத்தம் நின்றுவிட்டது.

எல்லோரும் கிளம்பிவிட்டார்கள் என்று லூர்து அண்ணனிடம் சொல்ல வாக்கி-டாக்கியை எடுத்தேன். பழக்கம்.

மணி தெரியவில்லை

கடிகாரம் உறைந்துவிட்டது. மூடுபனி விலகவில்லை. கேப்டன் அறையில் இருக்கிறேன். கதவு இடுக்கில் ஈரத்துணி அடைத்தேன், பிறகு அது முட்டாள்தனம் என்று தோன்றி எடுத்துவிட்டேன். எரிக்க இனி மரம் எதுவும் இல்லை. கம்பளத்தைக் கிழித்துப் போட்டேன், புகைந்ததே ஒழிய எரியவில்லை.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு. கப்பலை இழுத்துப் போகாதீர்கள். எங்களை உருக்கி வெளியே எடுக்க நினைக்காதீர்கள். வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போங்கள். உங்கள் கப்பலைத் தூரத்திலேயே

ஜன்னல் வழியாகத் தொட்டி தெரிகிறது. தணல் சிவப்பாக இருந்தவரை அந்தச் சுவர் அதைச் சுற்றியே நின்றது. இப்போது தணல் கறுத்துவிட்டது.

சுவர் தொட்டியின்மேல் கவிழ்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் அசையவில்லை. தேடுகிறது.

படுத்துப் பார்த்தேன். மூச்சை அடக்கிப் பார்த்தேன். கோட்டைக் கழற்றிவிட்டு இரும்புத் தரையோடு ஒட்டிக் கிடந்தேன், உடம்பு சீக்கிரம் ஆறட்டும் என்று. நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கிறது. நிறுத்த முடியவில்லை.

படிக்கட்டில் சத்தம். கண்ணாடி நெரிபடும் சத்தம்.

இந்த விரிகுடாவில் இனி சூடாக இருப்பது நான் ஒருத்திதான்.

கதவின் கீழே ரோஜா நிறம். மெல்லத்தான் வருகிறது. அவசரமே இல்லை. பென்சில் பிடித்த கையை நோக்கி