இடப்பக்கக் குமிழ் வைத்த மணிக்கூடு

மே 8, வெள்ளி

விடியவே வெயில். துறைமுகத்துத் தண்ணீர் அசையவில்லை. படம் எடுப்பவர்களுக்கு நல்லது, என் மண்டைக்கு இல்லை.

கைமணிக்கூட்டுக் கொம்பனி ஒன்றின் விளம்பரப் படம். நீச்சல் சாம்பியன் ஆரணியோடு சேர்ந்து வடிவமைத்த மணிக்கூடாம். விலையைக் கேட்கவில்லை, கேட்டால் காய்ச்சல் வரும். ஒரு கிழமைக்கு எங்கள் படகு வாடகைக்கு. ஆரணி வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை, ஆனாலும் வடிவாகத் தமிழ் கதைக்கிறது. மணிக்கூட்டில் நேரம் திருப்புகிற குமிழ் இடப்பக்கம். கை மடிக்கும்போது உறுத்தக்கூடாதென்று அவளே கேட்டு வைப்பித்ததாம்.

பின்னேரம் கடலிலிருந்து படகில் ஏறி, "அண்ணை, இதைக் கொஞ்சம் வச்சிருங்கோ" என்று ஈரத்தோடு என் கையில் கட்டிவிட்டுத் தலை துடைக்கப் போனாள். நான் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். மடையன்.

கொம்பனி மனேச்சர் போனில்: "அது ஒண்டுதான் இருக்கு. இன்னும் கடைக்கே வரேல்லை. திங்கள் கவனமாக் கொண்டு வாங்கோ." பொலிஸ்காரன் குரல்.

கழற்றி மேசையில் வைத்தேன். மனைவி மேரி பார்த்துவிட்டு, "ஈரம். பழுதாப் போகப்போகுது."

"கடலுக்குள்ள போற மணிக்கூடு அது. நீர் பேசாமல் படும்."

முதுகு உளைவு. படுத்ததுதான் தெரியும்.

மே 9, சனி

மேரி முதல் பஸ்ஸில் தம்பலகாமத்துக்கு. தங்கச்சி மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீடு. போகும்போது உத்தரவுகள்: கோழிக்குத் தண்ணீர். பின்கதவு. நாளைக்குக் கோயிலுக்குப் பிடியரிசிப் பானை.

மேசையில் மணிக்கூடு இல்லை.

அலுமாரி, தலையணை, கட்டியிருந்த சாரத்து மடிப்பு, படகு, கோழிக்கூடு. இல்லை. மேரிக்கு எடுத்தால் போன் செத்துக் கிடக்கிறது.

படகில் பாதி றபீக்குடையது. கிண்ணியாவிலிருந்து வருவான். அவனும் சேர்ந்து தேடினான். "நேத்து உங்கட வீட்டுக்கு ஆர் வந்தது?" என்றான். "நீதான்" என்று வந்துவிட்டது வாயில். அவன் தேடுவதை விட்டான். கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டுப் போனான். சீ, என்ன வாய் இது.

திங்கள் வெறுங்கையோடு போனால் கள்ளன் என்ற பெயர். அப்படிப் பெயர் எடுத்தவனுக்கு இந்தத் துறைமுகத்தில் யார் வேலை தருவார்கள்? சோறு இறங்கவில்லை.

மே 10, ஞாயிறு

வானம் மப்பு. பிடியரிசிப் பானையோடு கோயிலுக்கு. சமைக்கும்போதெல்லாம் மேரி காணிக்கைக்கென்று ஒரு பிடி எடுத்துப் போட்டு வைக்கும் அரிசி. சபைச் சாக்கில் கவிழ்த்தேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

ஆராதனை முடியக் காணிக்கைப் பொருட்கள் ஏலம். முட்டை, பப்பாசி, ஒரு சேவல். அரிசியை அளந்துகொண்டிருந்த ஸ்டீபன் அண்ணன் எதையோ தூக்கிக் காட்டினார். "ஆரோ அரிசிக்குள்ள காணிக்கை போட்டிருக்கினம். நல்ல மணிக்கூடு. குமிழ் பிழையான பக்கத்தில இருக்கு, அதாலதான் போட்டிருப்பினம். பரவாயில்லை, ஓடுது."

சேவல் எடுத்த பெரியவர் விலை கேட்டார், சேவலைவிடக் குறைத்து.

எழும்பினேன்.  "அது காணிக்கை இல்லை. தெரியாமல் நான்தான் கொண்டந்து கொட்டினனான்."

போதகர் ஐயா: "தேவனுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறீரோ?" உயிர் போய் வந்தது. பிறகு அவரே சிரித்து மணிக்கூட்டை என் கையில் வைத்தார், சபை முழுக்கச் சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா.

மத்தியானம் மேரி போனில்: "ஈரமெண்டு அரிசிக்குள்ள வச்சனான் எல்லோ. சொன்னனான், ஓம் எண்டனீங்கள்." நித்திரையில் நான் எதற்கும் ஓம் சொல்லுவேன்.

நேரே கிண்ணியா. "நேத்துச் சொன்னதை மன்னிச்சிடடா." றபீக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நடந்ததைக் கேட்டான். பிறகு, "சேவலைவிடக் குறைச்சோ கேட்டவர்?" விழுந்து விழுந்து சிரித்தான். அங்கேயே சாப்பிட்டேன். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மே 11, திங்கள்

வானத்து மப்பு கலைந்துவிட்டது. மனேச்சர் மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டிக்குள்ளிருந்து ஒரு அரிசி விழுந்தது. "இதென்ன?" றபீக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது.

சொல்லிவிட்டேன், எல்லாம். மனேச்சருக்கு முகம் வெளுத்தது. ஆரணி சிரித்துச் சிரித்துப் படகில் குந்திவிட்டாள். மணிக்கூட்டைப் பார்க்காமலே கட்டிக்கொண்டாள்.

மத்தியானம், படம் எடுத்து முடிய, சும்மா நீந்தப் போகிறேன் என்றாள். கழற்றி என்னிடம் நீட்டினாள். மனேச்சரிடம் இல்லை, என்னிடம். "அண்ணை, வச்சிருங்கோ."

நெஞ்சு நிறைந்துபோனது. கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேண்டாம் பிள்ளை, கட்டிக்கொண்டே குதியுங்கோ. மேரி வீட்டுக்கு வந்திட்டா, அரிசிப் பானையும் இருக்கு."